கார்-டி சிகிச்சை: இந்தியாவுக்கு டிக்கெட் போடும் முன்

"இவரோட ரத்தத்தையே எடுத்து, அதையே மருந்தாக்கித் திரும்ப இவருக்கே ஏத்துவாங்களாமே டாக்டர், நிஜமா?"

கேட்டவர் மொரீசியசின் வடக்கே ஒரு கிராமத்து அம்மா. கணவர் கரும்புத் தோட்டத்தில் 30 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வந்திருப்பது பி-செல் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய். முதல் கீமோவில் கட்டிகள் கரைந்தன; 11 மாதத்தில் கழுத்திலும் அக்குளிலும் திரும்பிவிட்டன. "நிஜம்தான் தாந்தின்" என்றேன். இங்கே வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ரத்தப் புற்றுநோய்கள் பலவும் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களில் ஒன்றான பி-செல்லே கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. கெட்டுப்போன செல்லைக் கொல்லத் தெரிந்த டி-செல் பக்கத்திலேயே இருந்தும், நம்ம ஆள்தானே என்று அதை விட்டுவிடுகிறது. அந்த டி-செல்லின் கண்ணைத் திறப்பதுதான் கார்-டி. நோயாளியின் ரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, டி-செல் உள்ள பகுதியைப் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பிவிடுவார்கள். நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸ் ஒன்று, ஆய்வகத்தில் அந்தச் செல்லுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோய் வைக்கும். அதன்பின் செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கும். பி-செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தை அது கவ்விக்கொள்ளும். செல்களைப் பெருக்கிச் சோதித்து அனுப்பச் சில வாரங்கள் ஆகும். கடைசியில் ஏற்றுவதோ ஒரு சின்னப் பை, அரை மணி நேரம்கூட ஆகாது.

2012இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு இது கொடுக்கப்பட்டது. அங்கே 2017இல் அனுமதி கிடைத்தது, ஆனால் விலை பலருக்கும் எட்டவில்லை. 2023 அக்டோபரில் இந்தியா நெக்ஸ்கார்19 என்ற உள்நாட்டு கார்-டியை அனுமதித்தது; மும்பை ஐஐடியும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பதால், நம் தீவுக்காரர்களுக்கும் ஒரு வழி பிறந்தது.

அந்த வழியில் முதல் பிழையை நானே செய்தேன். முன்பு வேறொரு நோயாளிக்கு நோய் திரும்பியபோது, இந்தியாவுக்குப் போகும்வரை கட்டி வளராமல் இருக்கட்டும் என்று பெண்டமுஸ்டின் என்ற கீமோ மருந்தை ஒரு சுற்று கொடுத்துவிட்டேன். அந்த மருந்து கட்டியோடு நல்ல டி-செல்லையும் அடித்துப்போடும். முதல் முறை எடுத்த செல்கள் ஆய்வகத்தில் வளரவில்லை. மறுபடி எடுத்து வளர்த்து முடிப்பதற்குள் 6 வாரம் கைவிட்டுப் போனது. அந்த 6 வாரம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதனால் இப்போது, நோய் திரும்பியது என்று தெரிந்த அன்றே, அடுத்த மருந்தைத் தொடுவதற்கு முன்னால் சிகிச்சை மையத்துக்குப் போன் போடுகிறேன். ஸ்டீராய்டையும் அவர்களைக் கேட்டுத்தான் கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: "டி-செல் எடுப்பதற்கு முன் இந்த மருந்து வேணுமா?" பயாப்சி ரிப்போர்ட் மட்டும் போதாது, மெழுகில் பதித்த பயாப்சி பிளாக்கையும் கையோடு கொண்டுபோங்கள். மறுபடி சோதித்துப் பார்க்க அதைக் கேட்பார்கள்.

செல் ஏற்றிய முதல் இரண்டு வாரம் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். டி-செல்கள் போர் தொடங்கும்போது காய்ச்சல் கொதிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். எமிலிக்கு உயிருக்கே ஆபத்தாகி, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்துதான் காப்பாற்றியது. இன்று அது எல்லா மையங்களிலும் தயாராக இருக்கும். சிலருக்கு மூளையும் குழம்பும். அதைப் பிடிக்க, தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். தாந்தினின் கணவர் "என் வீடு மொரீசியசில் இருக்கிறது" என்று எங்கள் கிரியோல் மொழியில் எழுதினார். ஊர் திரும்பியதும் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்தாம் நாள் எழுத்து சரிந்து, கடைசிச் சொல் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அன்றைக்கே ஸ்டீராய்டு போட்டிருக்கிறார்கள். எட்டாம் நாள் எழுத்து நேராகிவிட்டது.

பலன் எப்படி? பெரிய செல் வகை பி-செல் லிம்போமாவில் அமெரிக்க கார்-டி மருந்து ஒன்றின் ஆய்வில், 5 ஆண்டு கழித்து நூற்றுக்கு 43 பேர் உயிரோடு இருந்தார்கள். முந்தைய மருந்துகள் கைவிட்டவர்கள் அவர்கள் என்பதால் இது பெரிய எண். பாதிக்கு மேல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பி-செல் லுக்கேமியாவுக்கும் லிம்போமாவுக்கும் சிடி19, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு பிசிஎம்ஏ என்ற வேறு புரதம் என்று குறி மாறும். சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும், இதைத் தேடி ஓட வேண்டாம். ஆகவே "இம்யூன் செல் வளர்த்துப் போடுறோம், எந்த கேன்சரானாலும் குணமாகும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எந்தப் புரதத்தைக் குறி வைக்கிறீர்கள், எந்த அரசு அனுமதித்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் வெள்ளையணு குறைந்தே இருக்கும். நல்ல பி-செல்லும் அழிந்துவிடுவதால், பலருக்கு இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏற்ற வேண்டிவரும். கார்-டி எடுத்தவர் என்று எழுதிய அட்டை எப்போதும் பர்சில் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய், டியூட்டி டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாந்தினின் கணவர் வந்து உட்கார்ந்தார். 22 வருடமாகக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தவர். "இந்த வருஷமும் நேர்ந்துக்கிட்டேன் டாக்டர்." ஊசி முனை அளவு புண்கூட வேண்டாம் என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முருகனுக்குத் தெரியாதா?" என்று தாந்தின்தான் அவர் கையைப் பிடித்தார்.

காவடியைப் பேரன் எடுத்தான். அவர் மாஸ்க் போட்டுக்கொண்டு, கூட்டம் சேரும் முன் விடியற்காலையில் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்தோம். வெள்ளையணு 3,100. போன மாதம் 2,400 இருந்தது.