கரண்ட் போனால் உங்கள் சம்ப் தாங்குமா?

"தம்பி, சம்ப் வெடிச்சிட்டுது போல கிடக்கு, ஹோல் முழுக்கத் தண்ணி." யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஓர் அண்ணை விடியக்காலையில் அழைத்தார். சம்ப் என்றால் மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் வைக்கிற சின்னத் தொட்டி; மேலிருந்து வழிகிற தண்ணீர் அதற்குள் இறங்கி வடிகட்டப்பட்டு, பம்பால் திரும்ப மேலே போகும். போய்ப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. இரவு கரண்ட் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய மீன் தொட்டிக்குச் சம்ப் தேடுகிறவர்கள் "எத்தனை லீற்றர் பிடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, ஓடும்போது அதில் எவ்வளவு இடம் வெறுமையாக இருக்கும் என்று. பம்ப் நின்றதும் வழியும் குழாயால் கொஞ்சத் தண்ணீர் இறங்கும். தண்ணீரை மேலே ஏற்றுகிற குழாய்தான் உண்மையான கள்ளன். அதன் வாய் அமிழ்ந்திருந்தால், வாய் வெளியே தெரியும்வரை தொட்டியை உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும்.

அண்ணையின் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம். அதில் ஓர் அங்குலத் தண்ணீர் ஒரு கன அடி, ஏறத்தாழ 28 லீற்றர். குழாய் வாய் 4 அங்குல ஆழத்தில் இருந்தது; 112 லீற்றர் இறங்கும். சம்ப் 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. விளிம்புவரை நிரப்பினாலே 130 லீற்றர் சொச்சம்தான். அதில் 9 அங்குலத்துக்குத் தண்ணீர் நின்றது. மீதி 6 அங்குலத்தில் 53 லீற்றர் அடங்கியது. மற்றது மாபிளில்.

"ஒருவழி வால்வு போட்டிருக்குத்தானே?" என்றார். போட்டுத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளை வால்வின் நாக்கிலும் படியும், நாக்கு இறுக மூடாது. கழற்றி வினாகிரியில் போட்டுக் காட்டினேன், நுரைத்துக்கொண்டு கரைந்தது. வால்வை நம்பிச் சம்பைச் சிறிதாக எடுக்காதீர்கள்.

அவர் பெரிய சம்ப் வாங்க ஆயத்தமாகிவிட்டார். எனக்கும் வியாபாரம்தான். ஆனால் ஸ்டாண்டின் கதவால் அதைவிடப் பெரியது நுழையாது. நுழைப்பதென்றால் மேலே இருக்கிற தொட்டியைக் காலியாக்கித் தூக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதனால் சம்பை உள்ளே வைத்துவிட்டுத் தொட்டியை ஏற்றுங்கள், பம்பைக் கழற்றக் கை போகிற இடமும் விடுங்கள்.

சம்புக்குள் பம்ப் இருக்கிற தடுப்பறையையும் பாருங்கள். தொட்டியில் ஆவியாகிப் போகிற தண்ணீர் முழுவதும் அந்த அறையில்தான் குறையும். அது ஒடுக்கமாக இருந்தால் சித்திரை வெயிலில் இரண்டு நாள் வெளியூர் போய் வருவதற்குள் பம்ப் காற்றை இழுத்துக் கருகிவிடும். 2022 மின்வெட்டை மறக்காதவர்கள் பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்றையும் வாங்கி வைப்பார்கள்.

சரி, அண்ணைக்குச் சம்ப் மாற்றவில்லை. குழாய் வாயை மேற்பரப்பிலிருந்து ஓர் அங்குல ஆழத்துக்கு உயர்த்தினோம். பிளக்கைக் கழற்றிவிட்டு இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். சம்பில் தண்ணீர் ஏறி, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது. மறுபடி ஓடவிட்டு, ஓடும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஊற்ற வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.