சுருள் கைகள் ஏன் இன்னும் கலையவில்லை?

1845-ல் அயர்லாந்தின் பர் கோட்டையில், 72 அங்குல ஆடி வைத்த தன் தொலைநோக்கியால் மெஸ்ஸியே 51 என்ற மங்கலான திட்டைப் பார்த்த ராஸ் பிரபு, அதில் தெரிந்த சுருளை வரைந்து வைத்தார். அந்தத் திட்டு, நம் பால்வழியைப் போல விண்மீன்கள் திரண்ட ஒரு கேலக்ஸி. சுருளின் ஒவ்வொரு வளைவையும் கை என்கிறார்கள். அந்தச் சுருள் எப்படி நிலைக்கிறது என்பதற்கு உருப்படியான விளக்கம் வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சிக்கல் சாதாரணக் கணக்குதான். நம் பால்வழியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கும் சூரியன், நொடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, 22 கோடி ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. அதில் பாதித் தொலைவில் உள்ள விண்மீனுக்கும் கிட்டத்தட்ட இதே வேகம்தான். ஆனால் பாதை பாதி என்பதால் 11 கோடி ஆண்டுகளே போதும். 1,000 கோடி ஆண்டுகளில் உள்ளே இருப்பது 90 சுற்று, வெளியே இருப்பது 45 சுற்று. கை என்பது ஒரே விண்மீன்களால் ஆன பொருளாக இருந்தால், இதற்குள் இழை இழையாகச் சுற்றி அடையாளமே தெரியாமல் போயிருக்கும்.

அப்படியானால் கை ஒரு பொருளே இல்லை. விண்மீன்கள் நெருங்கி வரும் இடம் அது. உள்ளே வருபவை வந்தபடியும், போகிறவை போனபடியும் இருக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த வானியலாளர் பெர்டில் லிண்ட்பிளாட் இந்த வழியில் முதலில் யோசித்தார். 1964-ல் சி. சி. லின்னும் ஃபிராங்க் ஷூவும் இதை அடர்த்தி அலை என்ற முழுக் கோட்பாடாக ஆக்கினார்கள்.

இந்த அலைக்கு எல்லை உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எந்த விண்மீனும் சரியான வட்டத்தில் ஓடுவதில்லை. ஓடிக்கொண்டே மையத்தை நோக்கிக் கொஞ்சம் உள்ளே, அப்புறம் கொஞ்சம் வெளியே என்று ஆடுகிறது. சூரியனுக்கு அருகில் ஒரு சுற்றுக்குள் இந்த ஆட்டம் சுமார் 1.3 முறை நடக்கிறது. அலை வடிவமோ கேலக்ஸி முழுக்க ஒரே கோண வேகத்தில் சுழல்கிறது. நடுவில் ஓரிடத்தில் விண்மீனும் அலையும் சேர்ந்தே ஓடும். அது உடன்சுழற்சி வட்டம். அதற்கு உள்ளே விண்மீன்கள் கைகளை முந்துகின்றன, வெளியே கைகள் விண்மீன்களை முந்துகின்றன. சரி, இரண்டு கைகள் உள்ள கேலக்ஸியில், ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போக ஆகும் நேரமும் ஒருமுறை உள்ளே வெளியே ஆடி முடிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டால்? ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளுவது போல, ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்தில் ஈர்ப்பின் உந்து கிடைத்து ஆட்டம் பெருகும். அலையின் ஆற்றல் அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். உடன்சுழற்சிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இருக்கும் இந்த இடங்கள்தான் லிண்ட்பிளாட் ஒத்ததிர்வுகள். அவற்றுக்கு இடையில்தான் சுருள் வாழ முடியும். சனிக் கோளின் வளையங்களிலும் இதே ஒத்ததிர்வுகள் வேலை செய்கின்றன. நிலவுகளின் ஈர்ப்பு எழுப்பிய சுருள் அலைகளை வாயேஜர் விண்கலங்கள் அங்கே பதிவு செய்தன.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவின் கதை வேறு. அதற்குள் ஒலி செல்லும் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர் அளவுதான். அதைவிட வேகமாகக் கைக்குள் நுழையும்போது அதிர்ச்சி அலை எழுந்து வாயு நசுங்குகிறது. அதனால்தான் கைகளின் உள்விளிம்பில் கருமையான தூசிக் கோடுகள், அடுத்து ஒளிரும் ஹைட்ரஜனின் இளஞ்சிவப்பு, அதற்கும் அடுத்து நீல விண்மீன்கள் என்று வரிசையாகத் தெரிகின்றன. மிகப் பெரிய நீல விண்மீன்களின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே. கையைத் தாண்டி வெகுதூரம் போவதற்குள் அவை மடிந்துவிடுவதால்தான் கைகள் இத்தனை பிரகாசம்.

நடுவில் விண்மீன்களால் ஆன நீண்ட பட்டை உள்ள கேலக்ஸிகளில் வாயு உள்நோக்கி வழிந்து, உள் ஒத்ததிர்வின் பக்கத்தில் வளையமாகத் தேங்கும். என்ஜிசி 1097 என்ற கேலக்ஸியின் மையத்தைச் சுற்றிப் புதிய விண்மீன்கள் மின்னும் வளையம் அப்படிப்பட்டது.

அலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் விவாதம் ஓயவில்லை. ஒரு தனி அலை நூறு கோடி ஆண்டுகள்கூடத் தாங்காது என்று 1969-லேயே ஆய்வாளர் அலர் டூம்ரே காட்டினார். கைகள் மறுபடி மறுபடி தோன்றி மறைகின்றன என்று சொல்பவர்கள் பக்கமே நான் சாய்வேன். மெஸ்ஸியே 51-ல் அலையைக் கிளப்பியது பக்கத்தில் உள்ள என்ஜிசி 5195 என்ற கேலக்ஸியின் இழுவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இன்னொன்று: தெளிவான இரு கைகள் உள்ள கேலக்ஸிகளும், என்ஜிசி 4414 போலத் துண்டு துண்டான கைகள் உள்ளவையும், விண்மீன்களை உருவாக்கும் வேகத்தில் அதிகம் வேறுபடுவதில்லை. அலை வாயுவைத் திரட்டி ஓரிடத்தில் குவிக்கிறது. ஆனால் அந்த வாயு எப்படியும் விண்மீன்களாகத்தான் ஆகியிருக்கும்.