உடைத்தாலும் ஆற்றல், ஒட்டினாலும் ஆற்றல்: ஃபிஷனும் ஃபியூஷனும்

அணுசக்திச் செய்திகளில் ஃபிஷனும் ஃபியூஷனும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. ஒலி கிட்டத்தட்ட ஒன்று, பொருளோ நேரெதிர். ஃபிஷன் என்றால் அணுக்கருப் பிளவு, கூடங்குளத்தில் நடப்பது. ஃபியூஷன் என்றால் அணுக்கரு இணைவு, சூரியனுக்குள் நடப்பது.

இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பலரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பிளந்தாலும் ஆற்றல், இணைத்தாலும் ஆற்றல் என்றால், ஒரே கருவை மாறி மாறி உடைத்து ஒட்டிக்கொண்டே இருக்கலாமே?

முடியாது. கருவுக்குள் இரண்டு விசைகள் மல்லுக்கு நிற்கின்றன. அணுக்கரு விசை உடும்புப் பிடி பிடிக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பதை மட்டும். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசைக்கு வலு குறைவு, ஆனால் அது கருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எட்டும். ஹைட்ரஜன் போன்ற சிறிய கருக்களில் பிடித்துக்கொள்ள அண்டைத் துகள்கள் போதாது. சேர்ந்தால் பிடி இறுகும். யுரேனியத்திலோ 92 புரோட்டான்கள், ஒரே தள்ளுமுள்ளு. உடைந்தால்தான் துண்டுகளில் பிடி இறுகும். பிடி இறுகும்போதெல்லாம் நிறை கொஞ்சம் குறைந்து ஆற்றலாக வெளியேறும். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது குறைவது சுமார் 0.7 சதவீதம், யுரேனியம் பிளக்கும்போது சுமார் 0.1 சதவீதம்.

இரும்பு, நிக்கல் அருகே பிடி உச்சத்தை எட்டிவிடுகிறது. சிறியவை சேர்ந்தும் பெரியவை உடைந்தும் அந்த உச்சத்தை நோக்கியே ஏறுகின்றன. அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஆற்றலை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஃபிஷன் என்ற பெயர் உயிரியலிலிருந்து இரவல் வாங்கியது. 1938 இறுதியில் பெர்லினில் வேதியியலாளர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் கண்ட விளைவை இயற்பியலாளர்கள் லீஸா மைட்னரும் ஆட்டோ ஃபிரிஷும் விளக்கினார்கள்; செல் இரண்டாகப் பிளப்பதற்கான சொல்லையே ஃபிரிஷ் இதற்கும் வைத்தார்.

தொடங்கி வைப்பதில்தான் பெரிய வித்தியாசம். பிளவுக்கு ஒரு நியூட்ரான் போதும். அதற்கு மின்னூட்டம் இல்லாததால் யுரேனியக் கரு அதைத் தள்ளாது. மெதுவாக வந்தாலும் உள்ளே புகுந்துவிடும். இணைவில் இரண்டும் நேர்மின் கருக்கள், கிட்டவே விடாது. சூரிய மையத்தின் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பமும் அழுத்தமும் அதற்குத்தான் தேவைப்படுகின்றன. பூமியில் அந்த அழுத்தம் கிடையாது. அதனால் ஃபிரான்ஸில் இந்தியாவும் சேர்ந்து கட்டும் ஐட்டர் உலை 15 கோடி டிகிரியைக் குறிவைக்கிறது.

பிளவு 1951-லேயே அமெரிக்காவின் ஐடஹோவில் பல்பு எரியவைத்துவிட்டது. இணைவில் 2022 டிசம்பரில் கலிபோர்னியா ஆய்வகம் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தது. அந்த லேசர்களை இயக்க இழுத்த மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல்.