மயில் நடுங்குவது குளிராலா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்துக்குத் தினமும் மயில் வருகிறது. சித்திரை வெயிலில் தோகையை விரித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்குகிறது. குளிரில் நடுங்கிய மயிலுக்குப் பேகன் போர்வை கொடுத்தான் என்று படித்திருக்கிறேன். இந்த வெயிலில் என்ன குளிர்? ஆண்மயிலின் கண்ணீரைக் குடித்துத்தான் பெட்டை முட்டையிடும் என்கிறார்களே, அதாவது உண்மையா?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பொய். கோழி, காக்கை, குருவி எல்லாம் எப்படியோ மயிலும் அப்படியே. ஆண் பெட்டையின் மேல் ஏறும், இரண்டின் கழிவுப்புழைகளும் சில நொடி ஒட்டும், விந்து இடம் மாறும். அவ்வளவுதான். 2017-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே, மயில் பிரம்மச்சாரி, பெட்டை அதன் கண்ணீரால் கருத்தரிக்கிறது என்று சொல்லி நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்மாய்க்கரையில் ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு, உட்காராமலே ஒரு கதை கட்டி அதைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தியிருக்கிறோமே என்றுதான் தோன்றியது.

முதல் கேள்விதான் அழகானது. அந்த நடுக்கத்தை வைத்தே பறவைகளின் பரிணாமத்தில் பாதியைச் சொல்லிவிடலாம்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிழைப்பதற்கு உதவும் பண்புகள் தலைமுறைகளில் பெருகும் என்பது இயற்கைத் தேர்வு. அந்தக் கணக்கில் தோகை இடிக்கிறது. நரிக்கும் நாய்க்கும் கண்ணில் படும்படி ஒன்றரை மீட்டர் நீளத்தை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிவானேன்? 1860-ல் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின், மயிலிறகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்றார். 1871-ல் விடை சொன்னார்: பெட்டைகள் தேர்ந்தெடுக்கின்றன. எந்த ஆணின் தோகை பெட்டைக்குப் பிடித்ததோ அதற்கு வாரிசு அதிகம், அந்த வாரிசுகளுக்குத் தோகையும் வரும், தோகை மீதான விருப்பமும் வரும். பாலினத் தேர்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தோகை மயிலின் வால் அல்ல. உண்மையான வால் பழுப்பு நிறத்தில் குட்டையாக, சுமார் இருபது சிறகுகளோடு பின்னால் ஒளிந்திருக்கிறது. நாம் ரசிப்பது அந்த வாலை மூடும் மேற்சிறகுகள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்து, அடுத்த ஆண்டு புதிதாக முளைக்கும்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். பெட்டை எதிரே நெருங்கி வந்ததும் ஆண்மயில் தோகையை வேகமாக உதறத் தொடங்கும். பின்னாலிருக்கும் அந்தக் குட்டை வால்தான் தோகையை அதிர வைக்கிறது. வறண்ட ஓலையைக் குலுக்கினாற்போல ஒரு சலசலப்பு கேட்கும். ரோஸ்லின் டாக்கின், சூசன் கேன் முதலியோர் 2016-ல் இதை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தார்கள். சராசரியாக நொடிக்கு 25.6 முறை! குளிரோ காய்ச்சலோ இப்படித் துல்லியமாக நடுங்க வைக்காது.

ஏன் இருபத்தைந்து? ஏன் பத்தோ ஐம்பதோ இல்லை? வீட்டு ஊஞ்சலை அதன் போக்குக்கு இசைந்து தள்ளினால் ஒற்றை விரல் போதும், போக்கு மாறித் தள்ளினால் தோள் வலிக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, தோகைச் சிறகுக்கும் உண்டு. ஆய்வகத்தில் சிறகுகளைத் தனியாக அதிரவைத்துப் பார்த்தபோது, மயில் உதறும் வேகம் அந்த இயல்பு அதிர்வெண்ணை ஒட்டியே இருந்தது. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒத்ததிர்வை மயில் முதுகில் சுமந்துகொண்டு திரிகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. அத்தனை உதறலிலும் தோகையிலுள்ள கண்கள் அநேகமாக அசைவதே இல்லை. சுற்றிலும் பச்சையும் செம்பொன்னுமாக மினுமினுத்து அலைபாயும், நடுவே நீலக்கண்கள் மட்டும் அந்தரத்தில் நிறுத்தி வைத்ததுபோல நிற்கும். எப்படி?

உதிர்ந்த இறகு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடிப்பக்கத்து இழைகளை ஊதினால் தனித்தனியாகப் பறக்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. அப்படியே விரலை மேலே கொண்டுபோய்க் கண்ணைத் தொடுங்கள். அங்கே இழைகள் பிரியாமல் ஒரே தகடாக நிற்கும். கொஞ்சம் இழுத்துப் பிரித்துவிட்டு நீவினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். நுண்ணோக்கியில் காரணம் தெரியும். கண் பகுதி இழைகளில் நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன, ஒரு இழையின் கொக்கி பக்கத்து இழையைப் பற்றியிருக்கிறது. பறப்பதற்கான இறக்கைச் சிறகுகளில் காற்று புகாமலிருக்க இருக்கும் அதே அமைப்பு. காற்றைத் தள்ளப் பயன்பட்ட கொக்கி இங்கே கண்ணை நிலைநிறுத்தும் வேலைக்கு வந்திருக்கிறது. கோத்த பகுதி அடர்த்தியாக இருப்பதால் அசைவு குறைவு, கோக்காத இழைகள் தளர்ந்து ஆடுகின்றன. பரிணாமம் எந்த வேலைக்கும் புதுச்சாமான் வாங்குவதில்லை, வீட்டில் கிடப்பதை எடுத்து மாற்றிப் பொருத்தும். இந்த ஒரு அங்குலக் கண்ணில் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

நிறத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த இறகை வளவில் நின்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நீலமும் பச்சையும் போய்ப் பழுப்பாகத் தெரியும். நனைத்தால் நிறம் கெடும் என்பதை 1665-லேயே ராபர்ட் ஹூக் எழுதி வைத்தார். சாயம் என்று அதில் இருப்பது கறுப்பு மெலனின் மட்டும். அந்த மெலனின் குச்சிகள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கின்றன. இடைவெளி சுமார் 140 நானோமீட்டர் என்றால் நீலம், 150 என்றால் பச்சை, 165 என்றால் மஞ்சள். ஒளி பட்டுத் திரும்பும்போது எந்த அலைநீளம் வலுக்கிறதோ அந்த நிறம் தெரிகிறது. நம்மூர் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் நீலமும் சாயமல்ல, அமைப்பால் வரும் நிறம்தான். அதை 1934-லேயே சர் சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதினார். இந்த வித்தை பறவைகளுக்கு மட்டும் சொந்தமல்ல. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மைக்ரோராப்டர் என்ற சிறு டைனோசருக்கும் பளபளக்கும் சிறகு இருந்திருக்கிறது, புதைபடிவத்தில் மெலனின் குச்சிகளின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். புத்தகத்தில் மயிலிறகை வைத்து, பென்சில் சீவலை இரையாகப் போட்டு, குட்டி போடும் என்று காத்திருந்த தலைமுறை நாம். குட்டி போடாவிட்டால் என்ன, அதற்குள் இத்தனை இருக்கிறது.

சரி, பெட்டை இதில் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது?

மரியான் பெட்ரி இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் பார்த்தபோது, கண்கள் அதிகமுள்ள ஆணுக்கு இணைசேர்க்கை அதிகம் என்று தெரிந்தது. சில கண்களைக் கத்தரித்துவிட்டால் மவுசு குறைந்தது. தோகை அலங்காரம் மிகுந்த ஆண்களின் குஞ்சுகள் நன்றாக வளர்ந்து பிழைக்கின்றன என்று 1994-ல் எழுதினார். பாடப்புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. ஜப்பானில் மரிகோ தகாஹாஷி குழுவினர் ஏழு ஆண்டுகள் கவனித்து, அப்படி எந்த விருப்பமும் தெரியவில்லை என்று 2008-ல் எழுதினார்கள். பிறகு டாக்கினும் அவருடைய சக ஆய்வாளர் மாண்ட்கமரியும் எண்ணிப் பார்த்தால், வளர்ந்த ஆண்கள் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் 165 முதல் 170 வரைதான். வித்தியாசமே இல்லாத ஒன்றை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது? வெட்டினால் பெட்டை ஒதுக்குகிறது, வெட்டாதவரை எண்ணிக்கை பொருட்டில்லை. அவர்கள் பின்னர் அளந்ததில், கண்ணின் நீலப்பச்சைப் பகுதி எவ்வளவு ஒளிர்கிறது என்பதோடுதான் இணைசேர்க்கை வலுவாகப் பொருந்தியது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கல்லூரியின் உள்மதிப்பீடுதான் நினைவுக்கு வந்தது. 25-க்கு எல்லோருக்கும் 23, 24. யாராவது ஒருவன் 12 வாங்கினால் ஏதோ விபரீதம் என்று தெரியும். மற்றபடி யாருக்கு விலங்கியல் தெரியும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மீதி 75-க்கான தாளும் பெரிய யோக்கியமில்லை. "பாலினத் தேர்வு – சிறுகுறிப்பு வரைக" என்று கேட்கிறோம். "பெண்மயிலைக் கவர்வதற்காக ஆண்மயில் அழகிய தோகையை வளர்த்துக்கொண்டது" என்று எழுதுகிறார்கள். முழு மதிப்பெண். அந்த விடையில் ஆண்களுக்குள் இருந்த வேறுபாடு எங்கே? அது மரபுவழி வந்தது எங்கே? யாருக்கு எத்தனை வாரிசு என்ற கணக்கு எங்கே? மயில் ஒருநாள் யோசித்து முடிவெடுத்து வளர்த்துக்கொண்டதாகத்தான் அந்தப் பிள்ளை புரிந்துவைத்திருக்கிறது. கண்ணீர்க் கதைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை, இதற்குப் பட்டம் கொடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள கோளாறல்ல. அமெரிக்காவில் பிஷப், ஆண்டர்சன் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: சிவிங்கிப்புலியின் முன்னோர் மெதுவாக ஓடின, இன்றைய சிவிங்கிப்புலி அதிவேகமாக ஓடுகிறது, இது எப்படி நேர்ந்திருக்கும்? தேவைப்பட்டதால் வேகம் வந்தது என்றே பலரும் எழுதினார்கள். 1990-ல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு முடிவுகள் என்னை நிமிர வைத்தன. முன்பு எத்தனை ஆண்டு உயிரியல் படித்திருந்தார்கள் என்பதற்கும் விடைக்கும் தொடர்பில்லை. பரிணாமத்தை நம்புகிறார்களா இல்லையா என்பதற்கும் விடைக்கும் தொடர்பில்லை. குன்றக்குடி மலையே முருகனின் மயில்தான் என்று படியேறிக் கும்பிடும் பிள்ளை பரிணாமக் கணக்கைச் சரியாகப் போடலாம், கும்பிடாத பிள்ளை கோட்டை விடலாம். என் வகுப்பிலும் அப்படித்தான் பார்க்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் மயிலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டறியாத பறவையைக் கொடுக்கிறேன். கென்யாவில் நீண்டவால் விதவைக்குருவி என்று ஒன்று, ஆணுக்கு அரை மீட்டர் வால். மால்ட்டே ஆண்டர்சன் 36 ஆண்களைப் பிடித்து, சிலவற்றின் வாலை வெட்டிக் குட்டையாக்கினார், வெட்டிய துண்டை வேறு சிலவற்றுக்கு ஒட்டி நீளமாக்கினார், சிலவற்றை அப்படியே விட்டார், சிலவற்றின் வாலை வெட்டி அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார். கடைசிக் குழு எதற்கு? இதுதான் கேள்வி. பசையும் கத்தரியும் பிடிபட்ட பதற்றமுமே முடிவை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக என்று எழுதும் பிள்ளைக்கு அறிவியல் பிடிபட்டுவிட்டது. நீட்டிய வாலுக்கே அதிகப் பெட்டைகள் வந்து கூடு கட்டின என்ற 1982-ஆம் ஆண்டு முடிவை மறந்துபோனாலும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன். இந்தக் கேள்விக்கு வகுப்பு சிதறிவிடும், பூஜ்யமும் உண்டு, முழுசும் உண்டு. சிதறுவதுதான் வேண்டும்.

ஒரு ஆதங்கம். மயில் நம் மண்ணின் பறவை. 1963 முதல் தேசியப் பறவை. ஆனால் மேலே சொன்ன மயில் ஆய்வுகள் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும், இங்கிருந்து போய்ப் பெருகிய மயில்களை வைத்து நடந்தவை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. பேட்டரிக்குப் பணம் கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. மயில் மேய்ந்துவிட்ட நிலக்கடலைக்கு யார் நஷ்டஈடு தருவது என்று புலம்பும் விவசாயிக்கும், அவர் கொல்லையிலேயே உட்கார்ந்து மயிலின் நடத்தையைக் குறித்தெழுதும் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன? வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இருக்கிற மாவட்டம் இது. பறவையைக் கவனிக்கும் பொறுமை இங்கே இல்லாமலில்லை.

ஆச்சி, நீங்களே பார்க்கலாம். வெயில் சாய்வாக விழும் காலை நேரம் தோதானது. பெட்டை எதிரே இருக்கும்போது ஆண்மயில் சூரியனுக்குச் சுமார் 45 பாகை சாய்ந்து நின்று உதறும் என்று அளந்திருக்கிறார்கள், அது நிற்கும் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பேரன் கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டம் இருக்கும். அதில் எடுத்தால் ஒரு உதறலுக்கு ஒன்பது பத்துப் படங்கள் விழும். கண்கள் நிற்பதும் சுற்றியுள்ள இழைகள் ஆடுவதும் தெளிவாகத் தெரியும். முடிந்தால் பெட்டையின் தலைக்கொண்டையையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கொண்டைச் சிறகுகளின் இயல்பு அதிர்வெண் தோகை உதறலுக்கு அருகிலேயே இருப்பதாக 2018-ல் அளந்தார்கள், உதறல் ஒலியைப் போட்டுக் காட்டியபோது கொண்டை அதிரவும் செய்தது. உயிருள்ள பெட்டை அதை உணர்ந்துதான் ஆணைத் தேர்ந்தெடுக்கிறதா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. நல்ல படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், அடுத்த பருவத் தேர்வில் கேள்வியாக வைக்கிறேன்.