வீனஸ் கண்ணாடியா, வெள்ளிக் கண்ணாடியா?

ஓசூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் விதைப் பொட்டலம் ஒன்றின் மேல் 'வெள்ளிக் கண்ணாடி' என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "பூ ஊதாவா இருக்கு, வெள்ளின்னு போட்டிருக்காங்களே தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. 'வீனஸின் கண்ணாடி' என்ற செடிப் பெயரைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

தென் ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் ஓராண்டுச் செடி இது. முழ உயரத்தைத் தாண்டாது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் 'காம்பனுலா ஸ்பெகுலம்-வெனெரிஸ்' என்று பெயரிட்டார். இன்று லெகூசியா என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். இலத்தீனில் காம்பனா என்றால் மணி, காம்பனுலா சின்ன மணி. ஸ்பெகுலம், முகம் பார்க்கும் கண்ணாடி. வெனெரிஸ், வீனஸுடைய.

இந்த வீனஸ் ரோமானியரின் காதல் தெய்வம். வெள்ளி என்பது வானத்துக் கோள். சுக்கிரன் என்றாலும் பொருந்தாது. நம் மரபில் அவர் அசுரர்களின் குரு. ரதிதான் நெருங்கி வருவாள். ஆனாலும் 'ரதிக் கண்ணாடி' என்றால் செடி கண்ணில் தெரியவில்லை.

கண்ணாடி எங்கிருந்து வந்தது? பூவில் தேடினால் கிடைக்காது. மணிப்பூக் குடும்பத்தில் பிறந்தும் அது மணிபோலத் தொங்குவதில்லை. ஐந்து மடலும் வெயிலில் தட்டையாக விரியும், வெயில் போனால் மடங்கிக்கொள்ளும். நீண்ட காய் முற்றியதும் விதையை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ராகி மாதிரிச் சின்னது, ஆனால் உருண்டை இல்லை. தட்டையாக, வழவழவென்று, துடைத்து வைத்த கைக்கண்ணாடிபோல மினுங்கும். பெயரின் காரணம் இதுதான் என்பார்கள்.

கண்ணாடிக்கு 'ஆடி' என்ற பழஞ்சொல் உண்டு. குழியாடி, குவியாடி எனப் பள்ளிப் பாடத்தில் இன்றும் வாழ்கிறது. 'ஆடிப்பூ' எனலாமா? தருமபுரிக்காரரிடம் ஆடி என்றால் ஒகேனக்கல்லில் பதினெட்டாம் பெருக்குக் குளியல்தான் நினைவுக்கு வரும்.

அதனால் நான் 'கண்ணாடிமணிப்பூ' என்று எழுதுகிறேன். நம் மொழியில் மணி கோயிலிலும் ஒலிக்கும், கதிரிலும் பிடிக்கும். குடும்பத்தின் மணியும், கண்ணாடிபோல மினுங்கும் விதைமணியும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகின்றன.