அம்பயர் தப்பாகக் கொடுத்தாலும் தண்டனை ஆடுகிறவனுக்குத்தான்: நடத்தை விதியில் நம் பையன்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பாண்டியில் நடந்த ஒரு கிரிக்கெட் டோர்னமென்ட். கடலூர் தேவனாம்பட்டினத்துப் பையன், 19 வயது, எங்கள் அணிக்கு ஓப்பனிங் இறங்கினான். பந்து பேட்டின் உள்விளிம்பில் பட்டுத்தான் காலுக்குப் போனது. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. அம்பயர் எல்பி (பந்து பேட்டில் படாமல் காலில் பட்டால் தரும் அவுட்) கொடுத்துவிட்டார். பையன் பேட்டின் விளிம்பைத் தூக்கிக் காட்டினான், தலையை ஆட்டினான், கொஞ்ச நேரம் கிரீஸை விட்டு நகரவில்லை. சாயங்காலம் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிதான் தம்பி, கையெழுத்துப் போடு" என்றார்கள். போட்டான். இரண்டு மேட்ச் தடை. தேர்வாளர்கள் வருவதாக இருந்ததே அந்த இரண்டு மேட்சுக்குத்தான்.

அவனுக்கு என்ன உரிமை இருந்தது என்று அன்றைக்கு அவனுக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஆட்டங்களுக்கு ஐசிசியின் (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) வீரர் நடத்தை விதி இருக்கிறது. குற்றங்கள் லெவல் 1 முதல் 4 வரை. லெவல் 1 என்றால் எச்சரிக்கையிலிருந்து மேட்ச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை அபராதம், ஒன்று அல்லது இரண்டு டீமெரிட் (தண்டனைப்) புள்ளி. லெவல் 2 என்றால் 50 முதல் 100 சதவீதம், மூன்று அல்லது நான்கு புள்ளி. புள்ளிகள் 24 மாதம் பெயரில் நிற்கும். அதற்குள் நான்கு சேர்ந்தால் ஒரு டெஸ்ட், அல்லது இரண்டு ஒருநாள் அல்லது டி20 ஆட்டத் தடை. நம் ஊர் லீக்குகள் பலவும் இதையே பார்த்துத்தான் விதி எழுதுகின்றன. எண்கள் மாறலாம், மாட்டிக்கொள்கிற இடங்கள் மாறுவதில்லை.

முதல் இடம்தான் ரொம்பப் பேரைக் கவிழ்க்கிறது. "அம்பயர் கொடுத்தது தப்பு, வீடியோவே இருக்கு" என்று விசாரணைக்குப் போகிறார்கள். அந்த வீடியோவால் ஒரு பயனும் இல்லை. அம்பயர் முடிவுக்கு எதிர்ப்புக் காட்டுவது தனிக் குற்றம். அம்பயர் உண்மையிலேயே தவறாகக் கொடுத்திருந்தாலும் அதைத் தற்காப்பாகச் சொல்ல முடியாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விளிம்பைக் காட்டுவது, தலையாட்டுவது, நகராமல் நிற்பது எல்லாம் எதிர்ப்புதான். நீங்கள் அவுட்டா இல்லையா என்பதை அந்த அறையில் யாரும் கேட்கவே போவதில்லை. அங்கே பேச வேண்டியது உங்கள் நடத்தையைப் பற்றி மட்டும்: எத்தனை விநாடி நின்றீர்கள், வாயைத் திறந்தீர்களா, ஸ்டம்பைத் தொட்டீர்களா.

2023 ஜூலையில் வங்கதேசத்தின் மிர்பூரில் இந்தியப் பெண்கள் அணிக் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுருக்கு நடந்ததைப் பாருங்கள். அவுட் கொடுத்ததும் பேட்டால் ஸ்டம்பை அடித்தார். அதற்கு லெவல் 2, 50 சதவீதம், மூன்று புள்ளி. பரிசளிப்பு மேடையில் அம்பயரிங் மோசம் என்று பேசினார். அதற்குத் தனியாக லெவல் 1, 25 சதவீதம், இன்னொரு புள்ளி. மொத்தம் நான்கு. அதனால் ஆசிய விளையாட்டுப் போட்டியில் காலிறுதியும் அரையிறுதியும் ஆட முடியாமல் போனது. அந்த நான்காவது புள்ளி வாயால் வந்தது. மேட்ச் முடிந்த ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அம்பயரைத் திட்டிப் போடுகிற தம்பிகள் இதை இரண்டு தடவை படியுங்கள். பகிரங்கமாக விமர்சிப்பது தனிக் குற்றம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுக்க எதிரணியில் எப்போதும் ஒருவன் இருப்பான்.

இரண்டாவது இடம், அந்தக் கையெழுத்து. "குற்றத்தை ஒப்புக்கொண்டதால் முறையான விசாரணை தேவைப்படவில்லை" என்ற வரியைச் செய்தியில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். மேட்ச் ரெஃப்ரி (வீரர்களின் நடத்தையைக் கவனிக்கும் அதிகாரி) சொல்லும் தண்டனையை ஏற்றுக்கொண்டால் விசாரணையே கிடையாது. ஏற்கவில்லை என்றால் விசாரணை நடத்தியாக வேண்டும். அது நம் உரிமை. நம் ஊரில் மேனேஜரே, "பெரியவங்கள பகைச்சுக்காதடா, போட்டுட்டு வா" என்று சொல்லிவிடுகிறார். எத்தனை பையன்கள் இந்த ஒரு வார்த்தையில் ஒரு சீசனை இழந்திருக்கிறார்கள்!

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பிரிவு, எந்த லெவல்? எழுத்தில் கேளுங்கள். 2018-ல் போர்ட் எலிசபெத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் தோளில் தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சாளர் ரபாடா இடித்ததாகப் புகார். வேண்டுமென்றே உடலில் மோதினார் என்று லெவல் 2, மூன்று புள்ளி. பழைய புள்ளிகளோடு சேர்ந்து எட்டாகி, இரண்டு டெஸ்ட் தடை. அவர் மேல்முறையீடு செய்தார். 'வேண்டுமென்றே' என்பது நிரூபணம் ஆகவில்லை என்று குற்றம் லெவல் 1-க்கு இறங்கியது. 25 சதவீத அபராதம், ஒரே புள்ளி. அடுத்த டெஸ்ட் ஆடினார். ஒரு சொல்தான் அவரைக் காப்பாற்றியது. உங்கள் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று படிக்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள்?

மூன்றாவது, நேரம். லெவல் 1-ல் முதல் தடவை என்றால் ரெஃப்ரி சொன்னதுதான் முடிவு, மேல்முறையீடே கிடையாது. லெவல் 2-க்கு உண்டு, ஆனால் எழுத்து முடிவு கைக்கு வந்ததிலிருந்து 48 மணி நேரம். எங்கள் டோர்னமென்டிலும் அதே 48 மணி நேரம்தான் போட்டிருந்தது. அந்த 48 மணி நேரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் முடிவு வந்தது. திங்கள் காலை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் பாண்டி போனோம். "உங்க கிளப் கடலூர்ல பதிவானது, அங்க கேளுங்க" என்றார்கள். எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டித் திரும்பி வந்து கடலூரில் கேட்டால், "மேட்ச் நடந்தது பாண்டியில, நாங்க என்ன பண்றது?" மறுபடி பஸ். பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். நான்கு மணிக்கு வந்தவர், "செயலாளர் நாளைக்குத்தான் வருவார், அவர்கிட்டயே குடுத்துடுங்க" என்றார். செவ்வாய் அவர் வந்தபோது மணி ஏழு. "டைம் முடிஞ்சிடுச்சே" என்று கடிகாரத்தைக் காட்டினார். பையனின் அப்பா மீன் ஏலத்துக்குப் போக வேண்டிய இரண்டு நாளை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் தப்பு என்னவென்றால், ஆளைத் தேடினோம். தேடக் கூடாது. கடிதத்தை யார் இருக்கிறாரோ அவரிடம் கொடுத்து, நகலில் பெற்ற நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விதிப்புத்தகத்தில் உள்ள ஈமெயிலுக்கு அங்கேயே நின்று போனிலிருந்து அனுப்புங்கள். எல்லை தாண்டி ஆடுகிற அணிகள் மேல்முறையீட்டை யாரிடம் கொடுப்பது என்பதைப் பதிவுக் கட்டணம் கட்டும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம், பழைய கணக்கு. 2008 சிட்னி டெஸ்டில் ஹர்பஜனுக்கு மூன்று டெஸ்ட் தடை விழுந்தது. அடிலெய்டில் நீதிபதி ஜான் ஹான்சன் மேல்முறையீட்டை விசாரித்து, தடையை எடுத்துவிட்டு 50 சதவீத அபராதமாகக் குறைத்தார். ஆனால் ஹர்பஜனின் முந்தைய தண்டனைகளின் முழு விவரம் ஐசிசி தரப்புத் தவறால் அந்த நீதிபதி கைக்கே போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே கோப்பு இப்படி என்றால், உங்கள் பெயரில் எத்தனை புள்ளி என்று நம் ஊர் நோட்டில் சரியாக இருக்கும் என நம்பி உட்காராதீர்கள். ஒவ்வொரு முடிவின் நகலையும் வீட்டில் வைத்திருங்கள்.

சரி, அம்பயர் மேல் குறை இருந்தால் வழியே இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கேப்டன் அம்பயர்களைப் பற்றி ரிப்போர்ட் தரலாம். நம் கேப்டன்கள் அதில் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று போட்டுவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். ஓவர், பந்து, நடந்தது என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். அது உங்கள் அவுட்டை மாற்றாது. ஆனால் அதே அம்பயரைப் பற்றி நான்கு அணிகள் எழுதினால் அந்தத் தாள்களை ஒதுக்கிவிட முடியாது.

ஆட்டத்துக்கு நடுவே மாற்றக்கூடியவையும் சில உண்டு. அவுட் என்று நீங்களாகவே தவறாக நினைத்து நடக்க ஆரம்பித்தால், அம்பயர் தடுத்துத் திரும்பக் கூப்பிட விதி இருக்கிறது. அம்பயர் தன் முடிவை உடனே மாற்றிக்கொள்ளவும் விதி இருக்கிறது. எதிரணிக் கேப்டன் அம்பயர் சம்மதத்தோடு அப்பீலை வாபஸ் வாங்கலாம். 2011 நாட்டிங்ஹாமில் இயன் பெல்லை தோனி அப்படித்தான் திரும்ப ஆட வைத்தார். கேட்பதானால் கேப்டன் போய், மரியாதையாக, ஒரே தடவை கேட்கட்டும். டிஆர்எஸ் (முடிவை வீடியோவில் மறுபடி பார்க்கக் கேட்பது) நமக்கு இல்லை; அதைக் கையால் காட்டிக் கிண்டல் செய்வதையும் எதிர்ப்பாக எழுதிவிடுவார்கள்.

கோபத்தில் மைதானத்தை விட்டு மட்டும் வெளியேறாதீர்கள். 2006-ல் ஓவலில் பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி ஐந்து ரன் அபராதம் போட்டதும், தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாகிஸ்தான் அணி உரிய நேரத்தில் இறங்கவில்லை. அம்பயர்கள் ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டு பிறகு விசாரணையில் நிற்கவில்லை. ஆனாலும் பாகிஸ்தான் கேப்டன் இன்சமாமுக்கு நான்கு ஒருநாள் ஆட்டத் தடை. 2008-ல் முடிவை டிரா என்று மாற்றிய ஐசிசி, 2009-ல் மறுபடி இங்கிலாந்துக்கே கொடுத்தது. நியாயம் பக்கத்தில் இருந்தும், வெளியே நின்றதால் மேட்ச் போனது.

கடைசியாக ஸ்கோர்புக். அம்பயர்கள் ஸ்கோரைச் சரிபார்த்து முடிவை ஒப்புக்கொண்ட பிறகு அதை மாற்ற விதி இடம் தராது. ஒரு வைடு விட்டுப்போயிருந்தாலும் அதற்கு முன்பே சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான் ஸ்கோர் எழுதுகிற நாளில், இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவரை மேசைக்குக் கூப்பிட்டு, ஓவர் ஓவராகக் கூட்டிக் காட்டிய பிறகுதான் புத்தகத்தை அம்பயரிடம் கொடுக்கிறேன். இப்போது அந்தத் தேவனாம்பட்டினத்துப் பையன்தான் எங்கள் அணியிலிருந்து மேசைக்கு வருகிறான். பேனாவோடு வருகிறான்.