பட்டுப்புழுவின் வயிற்றுக்குள் ஒரு காவல்

முட்டையிலிருந்து வெளிவந்த பட்டுப்புழு, கூடு கட்டுவதற்குள் ஏறக்குறைய 10,000 மடங்கு எடை கூடிவிடுகிறது. எல்லாமே மல்பெரி இலை தந்த எடை. அந்த இலையோடு பாக்டீரியாக்களும் உள்ளே போகத்தானே செய்யும்? போகின்றன. ஆனால் புழுவின் குடலில், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 10 வாக்கில் இருக்கிறது, கிட்டத்தட்ட சோப்புத் தண்ணீரின் காரம். பெரும்பாலான கிருமிகளால் அங்கே பெருக முடியாது.

வாடிய இலை, ஈர இலை, அறையில் புழுக்கம், தட்டில் நெரிசல் என்று சேர்ந்துகொண்டால் செரிமானம் கெட்டு இந்தக் காரம் குறைகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகைகள் தலைதூக்குகின்றன. புழு இலையைத் தொடாது; வாந்தி, கழிச்சல் என்று தளர்ந்து, கடைசியில் கறுத்து நாறிப்போகும். இதைத்தான் பிளாச்சரி என்கிறார்கள்.

இன்னொரு கிருமியின் கதை வேறு. 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர், திடீரென்று செத்த புழுக்களில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்றைக் கண்டார். அது உண்டாக்கும் புரதப் படிகம் காரத்தில்தான் கரையும். கரைந்ததும் நஞ்சாகிக் குடல் சுவரைத் துளைத்துவிடும். மற்ற கிருமிகளைத் தடுக்கும் காரமே இதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது! பின்னாளில் பி.டி. (Bt) என்ற பெயரில் பூச்சிக்கொல்லியானதும் இதே பாக்டீரியாதான். அதைத் தெளித்த வயலுக்குப் பக்கத்திலிருந்து மல்பெரி இலை பறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செராஷியா என்ற பாக்டீரியாவுக்குக் குடல் வழிகூட வேண்டாம். நெரிசலில் ஒன்றின் மேல் ஒன்று ஊரும்போது விழும் நகக்கீறலே போதும், ரத்தத்தில் கலந்துவிடும். செத்த புழு சிவந்து போவது இந்தக் கிருமியின் நிறமியால்.

சரி, மருந்து கொடுக்கலாமே? நோய் கண்ணில் படும்போது புழு தின்பதையே நிறுத்தியிருக்கும். இலையில் தடவிய ஆன்டிபயாடிக் எப்படி உள்ளே போகும்? அதனால் நோயைத் தடுக்கும் வேலையெல்லாம் புழு அறைக்குள் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பழைய எச்சம், இலைத்தூள் எல்லாவற்றையும் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்க வேண்டும். 2% பிளீச்சிங் பவுடரோடு 0.3% நீற்றிய சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். பலரும் சறுக்குவது இங்கேதான். அழுக்கு இருந்தால் குளோரின் அதனோடே வினைபுரிந்து தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. திறந்து கிடந்த பழைய பவுடரிலும் குளோரின் அவ்வளவாக இருக்காது. பேசில்லஸ் கெட்டி உறைக்குள் உறங்கும் வித்துகளாகவும் கிடக்கும்; அவையோ சாதாரணக் கழுவலுக்கெல்லாம் அசையாதவை.

புழு தோலுரிக்க அசையாமல் கிடக்கும் நேரத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுவது ஈரத்தை இழுக்க. அப்புறம், செத்த புழுவைக் கையால் எடுக்கக் கூடாது. தோல் கிழிந்து வழிவதெல்லாம் கிருமிதான். குச்சியால் எடுத்து பிளீச்சிங் கரைசலில் போட்டுப் பிறகு புதைக்கலாம். நோய் வந்த தட்டின் கழிவை அப்படியே மல்பெரித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டால், அடுத்த முறை இலையோடு கிருமி தட்டுக்கே திரும்பி வரும்.